புரோகிரஸ் பார்: முன்னேற்றப் பட்டை காட்டுவது படியையா, நேரத்தையா?

நிரலர்கள் பேச்சில் 'புரோகிரஸ் பார்' என்றே புழங்குவதற்குத் தமிழில் 'முன்னேற்றப் பட்டை' என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. நீண்ட நேரம் ஓடும் வேலையில் எவ்வளவு முடிந்தது என்பதை நிரம்பிக்கொண்டே போகும் கோடாகவோ, விழுக்காடாகவோ, '37/412' போன்ற எண்ணாகவோ காட்டுவது அது. பெரிய மென்பொருளை பில்ட் செய்யும்போது ஆயிரக்கணக்கான மூலக் கோப்புகளைத் தொகுத்து, கடைசியில் ஒன்றாக இணைக்க வேண்டும். அதுவரை கண் அந்த எண்ணை விட்டு நகராது.

'புரோகிரஸ்' லத்தீனிலிருந்து வந்தது. 'புரோ' என்றால் முன்னே. 'கிராதி' என்றால் அடியெடுத்து வைத்தல். 'கிரேடு', 'கிராஜுவல்' எல்லாம் இதே வேர்தான். மேம்படுதல் என்ற பொருள் பிறகு சேர்ந்தது. மன்னர் பரிவாரத்தோடு நாட்டைச் சுற்றி வருவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறித்தார்கள். நம் 'முன்னேற்றம்' அப்படியல்ல. ஏற்றம் உள்ளேயே இருப்பதால் உயர்வு என்ற சாயல் பிறவியிலேயே உண்டு. பில்டில் எதுவும் உயர்வதில்லை, வேலை தீர்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் புதுச்சொல் ஒன்றைச் செதுக்க வேண்டுமா? வேண்டாம். பணிப்பட்டை, கருவிப்பட்டை, உருள்பட்டை வரிசையில் இதுவும் இயல்பாகச் சேர்ந்துவிட்டது. வெறும் எண் மட்டும் வரும் இடத்தில் வேண்டுமானால் 'நிறைவு விழுக்காடு' எனலாம். கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இவற்றை 'முடிந்த விழுக்காடு காட்டிகள்' என்றுதான் அழைத்தது.

சொல்லைவிடச் சிக்கலானது அது எதை அளக்கிறது என்பது. வேர்ச்சொல் சொல்வதுபோல பில்ட் கருவிகள் எண்ணுவது அடிகளைத்தான், அதாவது படிகளை. நிஞ்சா என்ற கருவி சும்மா விட்டால் முடிந்த படிகள், மொத்தப் படிகள் இரண்டை மட்டும் அடைப்புக்குறிக்குள் காட்டும். பார்ப்பவரோ அதை நேரமாகப் படிக்கிறார். [206/412] என்றால் பாதி நேரம் போய்விட்டது என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் நான்கு வரி உள்ள கோப்பும் ஒரு படி, தொகுக்க நேரம் பிடிக்கும் டெம்ப்ளேட்டுகள் (பொது வார்ப்புகள்) நெருக்கியடித்த சி++ கோப்பும் ஒரு படி. கடைசியில் வரும் இணைப்பும் அதே ஒரு படிதான். அதனால்தான் [411/412] வரை சரசரவென ஓடிவிட்டு அங்கேயே நிமிடக்கணக்கில் நிற்கிறது. அதுவரை கணினிச் செயலியின் எட்டு கோர்களும் வேலை செய்திருக்கும். இப்போது ஒன்றே ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும். இறுதியில் இப்படி நிற்பதுதான் காத்திருப்பை இன்னும் நீளமாக உணரவைக்கிறது என்று கிறிஸ் ஹாரிசனும் அவரது கூட்டாளிகளும் 2007-ல் ஆராய்ந்து எழுதினார்கள்.

பின்னத்தின் தொகுதிதான் மாறும், பகுதி அசையாது என்றும் நம்ப முடியாது. பேசல் என்ற இன்னொரு பில்ட் கருவி வேலை செய்துகொண்டே புதுப் பணிகளைக் கண்டுபிடிப்பதால் கீழ் எண் வளர்ந்துகொண்டே போகும். நிஞ்சாவில் தலைகீழ்: ஒரு படி ஓடி முடிந்த பிறகும் வெளியீடு மாறவில்லை என்று தெரிந்தால், அதை நம்பியிருந்த படிகள் கழிந்து மொத்தம் குறையலாம். விழுக்காடு பின்வாங்கினாலோ திடீரெனத் தாவினாலோ கருவி பழுது என்று நினைக்க வேண்டியதில்லை.

அப்புறம் 'ஈ.டி.ஏ.' கப்பலோ விமானமோ வந்துசேரும் நேரத்தின் மதிப்பீட்டைக் குறிக்கும் முதலெழுத்துச் சுருக்கம் இது. சரியாகப் பார்த்தால் அது மணி: மாலை 4.20-க்கு வரும் என்பது போல. மென்பொருளில் இன்னும் எவ்வளவு நேரம் என்ற பொருளுக்கு நழுவிவிட்டது. அதனால் 'வருகை நேரம்' என்று பெயர்த்தால் பில்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் எழும். 'மீதி நேரம்' போதும். மதிப்பீடு என்பதைக் காட்ட முன்னால் ஒரு 'சுமார்'.

மீதி நேரத்தைச் சொல்லப் படிகளை எண்ணினால் போதாது, பழைய கணக்கு வேண்டும். ஒவ்வொரு படியும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை நிஞ்சா தன் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. 1.12 பதிப்பிலிருந்து அதை வைத்தே மீதி நேரத்தையும் கணிக்கிறது. பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் படிகளைப் பார்ப்பதே இல்லை. அண்மையில் வெற்றியாக முடிந்த சில பில்டுகளின் சராசரி நேரத்தை எடுத்துக்கொண்டு பட்டையை நிரப்புகிறது. இரண்டிலும் உள்ள ஓட்டை ஒன்றுதான். பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு தலைப்புக் கோப்பைத் தொட்டதால் பாதித் திட்டமும் மறுபடி தொகுக்கப்பட்டாலோ, முன்பு தொகுத்ததை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு காலியாகிவிட்டாலோ நேற்றைய சராசரி இன்று உதவாது.

ஆகவே இடைமுகத்தைத் தமிழாக்கும்போது இரண்டையும் ஒரே 'முன்னேற்றம்' என்ற பெயரில் அடைக்காமல் பிரித்து எழுதுவதே நல்லது. 'முன்னேற்றம்: 412-ல் 411 படிகள்' என்பது நடந்த உண்மை. 'மீதி நேரம்: சுமார் 3 நிமிடம்' என்பது ஊகம். பழைய கணக்கே இல்லாத முதல் பில்டுக்கு 0 விழுக்காடு, 1 விழுக்காடு என்று நடிக்காமல் சுழலும் குறியோடு 'மீதி நேரம்: கணிக்க இயலாது' என்று போட்டுவிடலாம்.