டிஸ்டிரிபியூட்டர் மூடிக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் மாமாவிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. வாடை அடிக்கும் மார்கழி விடியலில் எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் கிளம்பாது. வெயில் ஏறிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக் வந்து, எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரின் கறுப்பு மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அத்தே, குடிக்கிற தண்ணி ஒரு சொம்பு குடுங்க" என்று கேட்டார். கழுவி, அடுப்படிச் சூட்டில் ஈரம் போகக் காயவைத்து மாட்டினார். வண்டி கிளம்பியது.

பேட்டரியின் 12 வோல்ட்டால் ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்ட முடியாது. வோல்ட்டேஜை ஏற்றத்தான் காயில், இரண்டு கம்பிச் சுருள் கொண்ட பாகம். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உருவாகிறது. கேம் என்ற, முனைகள் உள்ள சுழலும் பாகம் பாயிண்டைத் திறந்ததும் மின்சாரம் அறுபடுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவில், பல்லாயிரம் சுற்றுள்ள இரண்டாம் சுருளில் 15,000 வோல்ட்டுக்கும் மேல் கிளம்பலாம். அது மூடியின் நடுவே இறங்க, சுழலும் கை போன்ற ரோட்டர் அதை வாங்கி ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 பொறி!

இத்தனை வேலை செய்தால் தேயாமல் இருக்குமா? பாயிண்டின் ஒரு முகத்தில் குழி விழும், எதிர்முகத்தில் மேடு தட்டும். பாயிண்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டன்ஸர் பழுதானால் பாயிண்ட் சீக்கிரமே கருகிவிடும். கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய, பாயிண்ட் திறக்கும்போது சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து பொறி தாமதமாகும். வண்டி இழுக்காது, சூடாகும். கேமைச் சுழற்றும் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் இன்னும் மோசம். ஷாஃப்ட் ஆடுவதால் இடைவெளி ஒரு நிலையில் நிற்காது, எஞ்சின் மிஸ் ஆகும்.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். நம் கரையில் கூடவே உப்பும் சேர்கிறது. மூடிக்குள் பாயும் பொறி ஓசோனை உண்டாக்கும். அது வெளியேற வேண்டும் என்பதால் டிஸ்டிரிபியூட்டரைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட முடியாது. அந்த வழியாகவே கடற்காற்றின் உப்பும் உள்ளே வந்து படிகிறது. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். விடியலில் மூடியின் உட்சுவரில் பூத்திருப்பது உப்புக்கரைசல், மின்சாரம் சுலபமாக ஓடும் பாதை. பிளக்குக்குப் போக வேண்டியது அதன் வழியே கசிந்துவிடுகிறது. வெயிலில் காய்ந்ததும் அதே உப்பு மின்சாரத்தைக் கடத்தாத வெறும் தூளாகிவிடும்.

துணியால் துடைத்தால் ஈரம் போகும், உப்பு முழுசாகப் போகாது. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதுவே மறுபடி உப்பை ஏற்றிவிடும். இரண்டு தெரு தாண்டிச் சுமந்து வந்த குடிநீரில் அத்தை ஒரு சொம்பு கொடுத்ததன் காரணம் அதுதான்.

கசிவு தொடர்ந்தால் பொறி ஓடிய தடம் கருகி, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடாக நிற்கும். அது கரி, கரி மின்சாரத்தைக் கடத்தும். அப்புறம் எந்தத் தண்ணீரில் கழுவியும் பயனில்லை. மாமாவின் கார் மூடியிலும் இரண்டு வருடம் கழித்து அந்தக் கோடு விழுந்தது. ராமநாதபுரம் போய்ப் புது மூடி வாங்கி வந்தார்.