வளவுக்குள் கொட்டில்: வாங்கவா, கட்டவா?

புரட்டாசி பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். "சாமான் வைக்க வளவுக்குள்ள ஒரு கொட்டில் வேணும். வெல்டிங் கடையில செய்விச்சு எடுக்கவா, மேசனைப் பிடிச்சுக் கட்டவா?" மட்டக்களப்பில் இருபது வருடமாக வீட்டு வரைபடமும் கட்டட மேற்பார்வையும் செய்கிறேன். கேட்பவரிடம் நான் முதலில் விலை பேசுவதில்லை. மாரியில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றுதான் கேட்பேன்.

பலர் கணக்குப் பார்க்கும் முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. வெல்டிங் கடையில் சொல்லும் விலை சட்டம், தகடு, கதவு ஆகியவற்றுக்கு மட்டும். மேசன் சொல்லும் விலையில் அத்திவாரமும் தரையும் சேர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாங்குவது மிக மலிவாகத்தான் தெரியும். வாங்கிய கொட்டிலுக்கும் தரை வேண்டும், நிலத்தோடு பிடிமானம் வேண்டும். அதையும் கூட்டிவிட்டுப் பாருங்கள்.

கடற்கரையோரக் கல்லடியில் ஓர் அம்மா, பத்தடிக்கு எட்டடியில் அழகான தகரக் கொட்டில் ஒன்று வாங்கி, மணலில் நாலு கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார். கார்த்திகைக் காற்றில் ஓர் இரவு அது எழும்பிப் போய்ப் பக்கத்து வளவுக் கிணற்றுக் கட்டில் விழுந்துகிடந்தது. "இவ்வளவு பாரமான சாமான் எப்படி மனே பறக்கும்?" என்று என்னைக் கேட்டார். ஆட்கள் அந்தக் கிணற்றில் குளிக்கும் நேரமாக இருந்திருந்தால் என்ற நினைப்புத்தான் எனக்கு.

பறக்கும் அம்மா. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 70 கிலோ அழுத்தம் கொடுக்கும். பத்துக்கு எட்டுக் கூரை என்றால் 500 கிலோவுக்கு மேல் மேல்நோக்கி இழுபடலாம். கதவு திறந்து காற்று உள்ளே புகுந்தால் இன்னும் கூடும். கொட்டிலின் சொந்தப் பாரம் அதற்குக் கிட்டவும் வராது. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட பெரியவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாலு மூலையிலும் ஒன்றரை அடிச் சதுரத்தில், இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் கொங்கிறீட் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ வரும். ஈரமாக இருக்கும்போதே அதில் போல்ட்டை நட்டு, இறுகிய பிறகு கொட்டிலின் கால்களை அந்தப் போல்ட்டில் முறுக்கிவிட வேண்டும். அந்த அம்மாவின் கொட்டிலை நிமிர்த்தி இப்படித்தான் திரும்ப நிறுத்தினோம். கடல் மணலில் மட்டும் கொங்கிறீட் குழைக்க விடாதீர்கள், அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். கரையோரத்தில் தகடும் ஆணித் துளையிலும் வெட்டிய விளிம்பிலும்தான் முதலில் துருப்பிடிக்கும். ரப்பர் வாசர் போட்ட ஆணி, விளிம்புக்குப் பெயின்ட், இரண்டையும் கடையில் கேட்டு வாங்குங்கள்.

வாவிக்கு மேற்கே, வயல் பக்கமான படுவான்கரையில் கதை வேறு. அங்கே கொட்டில் என்றால் நெல் மூட்டை. நெல்லுக்கு நான் தகரக் கொட்டிலைச் சொல்லவே மாட்டேன். இரவில் தகரம் குளிர, உட்பக்கம் வேர்த்து மூட்டைமேல் சொட்டும். சீமெந்துக் கல்லில் கட்டுங்கள், கூரைக்குக் கீழே காற்றுப் போக வழி விடுங்கள். தரையை 2011 ஜனவரி வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். அந்த மட்டம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கல்லுக்கும் மண்ணுக்கும் காசு பார்த்து, முற்றத்து மட்டத்திலேயே தரை போட்ட ஒரு குடும்பத்தின் நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூட்டையை வெறுந்தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

யானை வரும் ஊராக இருந்தால் கட்டிய கொட்டிலிலும் நெல் வேண்டாம். சீமெந்துக் கல் சுவர் யானைக்கு ஒரு தடையே அல்ல. ஊருக்குள் பாதுகாப்பான களஞ்சியத்தைத் தேடுங்கள்.

கிருமிநாசினியும் பசளையும் நெல்லோடு ஒரே அறையில் இருக்கக் கூடாது. கிருமிநாசினிக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும், திறப்பு பெரியவர் கையில் இருக்க வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, வாடகை வீடா, மண்வெட்டியும் ஹோஸ் பைப்பும் சைக்கிளும் வைக்கத்தானா? தாராளமாக வாங்குங்கள். போகும்போது போல்ட்டைக் கழற்றிக் கொண்டுபோகலாம். சொந்த வளவு, வருடாவருடம் நெல் வரும் வீடு என்றால் கட்டுங்கள். எதுவானாலும் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ அனுமதி பற்றி முதலே கேட்டுவிடுங்கள்.

புரட்டாசியில் தேடினால் நல்ல மேசன் கிடைப்பது கஷ்டம். கொங்கிறீட்டும் குறைந்தது ஏழு நாள் நனைந்து இறுக வேண்டும். ஆகவே ஆடியிலேயே ஆளைப் பேசி, ஆவணிக்குள் தரையைப் போட்டு முடித்துவிடுங்கள்.