நியாயத்தீர்ப்பு என்றால் தண்டனையா?

இலங்கை மலைநாட்டில் அடைமழை பிடித்து எங்கேயாவது மண் சரிந்தால், 'இது ஆண்டவருடைய நியாயத்தீர்ப்பு' என்று சொல்ல ஒருவர் இருப்பார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயத்தோடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) புதைந்துபோனவர்களை நினைத்தால் அந்தப் பேச்சு கசக்கும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 13).

சொல்லின் பொருளும் அப்படி இல்லை. நியாயம் வடசொல். தீர்ப்பு நம் தமிழ்ச்சொல், 'தீர்' என்ற வினையில் பிறந்தது. வழக்கு தீர்வதும் நோய் தீர்வதும் அதே தீர்தான். எபிரேய மூலத்தில் 'ஷாபாத்' என்ற வினை, வழக்கைத் தீர்ப்பதையும் ஒடுக்கப்பட்டவனுக்கு நியாயம் செய்வதையும் சேர்த்தே குறிக்கும். அதனால்தான் எதிரிகளிடமிருந்து மக்களை மீட்ட கிதியோனும் தெபொராளும் நியாயாதிபதிகள் வரிசையில் வருகிறார்கள். 96ஆம் சங்கீதத்தில் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டு மரங்கள் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கின்றன. பயந்து ஒளியவில்லை, பாருங்கள்.

பழைய கத்தோலிக்க விசுவாசப் பிரமாணத்தில் 'நடுத்தீர்க்க வருவார்' என்று இருக்கும். பெயர்ச்சொல் நடுத்தீர்வை. எனக்குப் பிடித்த சொல் இதுதான். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று வள்ளுவர் நடுவு நிலைமையில் சொன்ன அந்த 'நடு' இதில் உட்கார்ந்திருக்கிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிபடும்போது, முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் அவர்கள். நேரான நிறுவை வரப்போகிறது என்பது அவர்களுக்கு நல்ல செய்தி.

சிக்கல் என்னவென்றால், இலங்கையில் 'தீர்வை' இப்போது சுங்க வரி ஆகிவிட்டது. இறக்குமதித் தீர்வை, தீர்வையற்ற வாகனம் என்று பத்திரிகையில் படிக்கும் பிள்ளைக்கு நடுத்தீர்வை துறைமுகத்து விஷயமாகத்தான் தோன்றும்.

அப்புறம் இரக்கம். இது 'இரங்கு' என்பதிலிருந்து வருவது, நல்ல தமிழ். முரசு ஒலிப்பதையும் இரங்குதல் என்பார்கள். நெய்தல் திணையின் உரிப்பொருளும் இரங்கல்தான். அடுத்தவர் வலிக்கு உள்ளே ஒரு சத்தம் எழுவது என்று வைத்துக்கொள்ளலாம். (வல்லின 'இறங்கு' வேறு.) கிருபையும் வடமொழியில் இரக்கந்தான். ஆனால் சபைத் தமிழில் அது தகுதி பாராமல் கிடைக்கும் கொடையாக, கிரேக்கக் 'காரிஸ்' என்பதற்கு ஈடாக நிலைத்துவிட்டது. அதற்கு நேரான தமிழ் 'அருள்'. பழைய கத்தோலிக்க மன்றாட்டில் இதே இடத்தில் 'பிரியதத்தம்' இருந்தது. வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

'தொரை (தோட்டத்து நிர்வாகி) மனசு எரங்கணும்' என்று தோட்டத்தில் சொல்லும்போது, கணக்கைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்க்கும்படி கேட்கிறோம். கிறிஸ்தவம் சொல்லும் இரக்கம் முள்ளைச் சாய்ப்பதில்லை. தீர்ப்பு நேராகவே நிற்கிறது, அதன் பாரத்தைக் கிறிஸ்து சிலுவையில் சுமந்தார் என்பதே நம்பிக்கை. இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கமில்லாத தீர்ப்பு கிடைக்கும் என்று யாக்கோபு எச்சரிப்பதையும் (2:13) கூடவே வைத்துப் படிக்க வேண்டும்.

நியாயத்தீர்ப்பு சபையில் ஊறிய சொல், அதைக் களைய வேண்டியதில்லை. தமிழாக எழுத விரும்பினால் 'இறைத்தீர்ப்பு', கடைசி நாளுக்கு 'இறுதித் தீர்ப்பு'. தண்டனையைச் சொல்ல வந்தால் தண்டனை என்றே எழுதலாம்.