சமைக்கப் பிடிக்காத அம்மாக்களுக்கு ஓர் உணவியல் நிபுணர் சொல்வது

குழந்தை சாப்பிடுவதில்லை என்று கூட்டி வருகிறார்கள். எடையும் உயரமும் பார்த்தால் குழந்தை வயதுக்கேற்ற வளர்ச்சியோடு நன்றாகவே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண்ணும் நகமும்தான் வெளுத்துக் கிடக்கின்றன. போன வாரம் அப்படி வந்த ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே, அதாவது கடுமையான ரத்தசோகை. "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொல்லிவிட்டார்: "இவளுக்கு அடுப்படின்னாலே ஆகாது மேடம். சமைக்கவும் பிடிக்காது, சாப்பிடவும் பிடிக்காது. மனசில்லாம ஆக்கிப் போட்டா புள்ள உடம்புல எப்படி ஒட்டும்?"

இதே பேச்சை இதே அறையில் வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. மனசில்லாமல் சமைத்தால் உடம்பில் ஒட்டாதா? ஒட்டும். முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்புச்சத்துக்கு, அதை ஆய்ந்தவர் சந்தோஷமாக ஆய்ந்தாரா அலுப்போடு ஆய்ந்தாரா என்பது தெரியாது. அவித்த ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆசையாக அவித்தாலும் அதேதான், அழுதுகொண்டே அவித்தாலும் அதேதான். கைமணம் என்பது ருசியைப் பற்றிய பேச்சு. உப்பு, புளி, எண்ணெய், தாளிப்பின் பதம் எல்லாம் பழக்கத்தில் வருவது. ருசிக்கு நான் எதிரியில்லை. ஆனால் ருசியையும் சத்தையும் பாசத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, சமையல் பிடிக்காத பெண்ணுக்குப் பிள்ளைமேல் பாசமே இல்லை என்பது வரைக்கும் கொண்டுபோகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளவே முடியாது. கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், வண்டி ஓட்டப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அடுப்பு பிடிக்காதவர்களை மட்டும் ஏன் ஏற்றுகிறோம்?

"தினம் ஒரே மாதிரி செஞ்சு போட்டா எப்படி?" என்பது அடுத்த புகார். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாக எழுதி வைத்த பட்டியல்தான். காயும் பருப்பும் சேர்ந்த சாம்பாரோடு வாரா வாரம் அதே வரிசை திரும்ப வருகிறது. பிள்ளைகள் சாப்பிட்டு வளர்கிறார்கள். வீட்டிலும் ஏழு நாளைக்கு ஏழு என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். தினமும் மாலை நாலு மணிக்குத் தொடங்கும் "ராத்திரிக்கு என்ன செய்யறது?" என்ற மண்டையிடி பாதி அங்கேயே தீர்ந்துவிடும். சமையலை வெறுப்பவர்களில் பலருக்கு அடுப்பில் நிற்கும் அரை மணி நேரத்தைவிட, என்ன சமைப்பது என்று யோசித்துக் கழியும் பகல் முழுவதும்தான் பெரிய பாரம்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

சமைக்கப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்போதிலிருந்து?" சின்ன வயதிலிருந்தே என்றால் அது ஒரு கதை. முன்பு ஆசையாகச் சமைத்தவர், நன்றாகச் சாப்பிட்டவர், இந்த ஆறு மாதமாகச் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றால் அது முற்றிலும் வேறு கதை. அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதாமல் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, இரைப்பைப் புண், மனச்சோர்வு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, கர்ப்பம் என எதுவாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு சேர்ந்து இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். ரத்தசோகை வந்தால் பசி குறையும், அடுப்பருகே நிற்கவே உடம்பில் தெம்பிருக்காது. அப்புறம் சாப்பிடவும் தோன்றாது. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நான் மெதுவாகக் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: "பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் ஏதாவது வாயில போடணும்னு தோணுதாம்மா?" தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பவர்கள் நிறையப் பேர். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது. மறைக்காமல் சொன்னால் சிகிச்சை சுலபம்.

சமையல் மட்டுமல்ல, எதிலுமே ஆசையில்லை, தூக்கமில்லை, அழுகை வருகிறது என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சின்ன வயதிலிருந்தே உணவு பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். வெண்டைக்காயின் வழவழப்பு, மீன் பொரியும் வாடை, பால் பொங்கும் மணம் எதுவும் ஆகாது. இரண்டு மூன்று பண்டங்களிலேயே உயிர் வாழ்வார்கள். எடையும் சத்தும் குறையும் அளவுக்கு இது போனால் அதைத் தனிக் குறைபாடாக 2013-இலேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சேர்த்துவிட்டது. நம் ஊரில் இன்னும் அதற்கு 'கொழுப்பு' என்றுதான் பெயர். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் டீயும் ரஸ்க்கும் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஒரு மணி நேரம் தாளிப்பு வாடையில் நின்றவருக்கு அதே சாம்பாரைத் தட்டில் பார்த்தால் எப்படிப் பசிக்கும்? ஆகவே சமைப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள். வாடையில்லாத, ஆறிய பொருள்களே போதும். தயிர்சாதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வாழைப்பழம், கொய்யா, பொரிகடலை, நேற்றே அவித்து வைத்த சுண்டல், சத்துமாவுக் கஞ்சி. மூன்று வேளைத் தட்டு மலைப்பாக இருந்தால் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே சாப்பிட்டாலும் எனக்குச் சம்மதம், சாப்பிட்டால் சரி. டீயைச் சாப்பாட்டோடு சேர்க்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் டீயோடு விழுங்கவே கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ பக்கத்தில் இருக்கட்டும்.

குடும்பத்துச் சாப்பாட்டுக்கு வருவோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் மாதிரித் தட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம். கூட்டு, பொரியல், ரசம், அப்பளம் என்று நாலு வகை வைக்கச் சொல்லவில்லை. ஒரே குக்கரில் கீழே அரிசி, நடுவில் பருப்பு, மேல் பாத்திரத்தில் நறுக்கிய காய். இறக்கியதும் பருப்பும் காயும் ஒன்றாக, மேலே ஒரு தாளிப்பு. வேலை முடிந்தது. குட்டிக் குட்டியாக மூன்று தொடுகறியைவிடத் தட்டில் பாதி நிறையும் இந்த ஒரு கூட்டு மேல். தாளிப்பு வாடையே ஆகாதென்றால் தாளிக்காதீர்கள். பச்சை வெங்காயத்தை நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் போதும்.

கடை மாவு வாங்குவதற்குக் கூச்சப்பட வேண்டாம். தேதி பார்த்து வாங்குங்கள், புளிப்பு ஏறுவதற்குள் தீர்த்துவிடுங்கள். தெருமுனை இட்லிக்கடையில் வாங்குவதும் தவறில்லை. தினம் ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் என்றால்தான் நான் சண்டைக்கு வருவேன். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள், தூக்குவாளி கொண்டு போங்கள். வாங்கிய சாப்பாட்டோடு வீட்டில் ஒரு அவித்த முட்டையோ, வெள்ளரிக்காயோ, தயிரோ சேர்த்தால் அந்த வேளை நல்ல சாப்பாடாகிவிடும். சமையலுக்குப் பதிலாக டப்பாப் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்துவிட்டுச் சத்து வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறது, படித்துப் பாருங்கள்.

மொத்தமாகச் சமைத்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சோற்றை அடுப்பு மேடையிலேயே மாலை வரை விட்டு, பிறகு சுட வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆகாது, சில நஞ்சுகள் சூட்டில் அழிவதில்லை. ஆறியதும், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்க ஒரே முறை சுட வையுங்கள்.

வீட்டு ஆண்களுக்கு. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு, பாதிக்கு மேற்பட்டவர்கள் அன்றைக்கு எதையுமே தொடவில்லை. மனைவிக்கு அடுப்படி பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்து புகார் சொல்லும் நேரத்தில் இரவு தோசையை நீங்கள் ஊற்றலாம். ஒரு வேளையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வது என்ற யோசனை, சாமான் வாங்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து. இன்னொருவர் கையால் வந்த சாப்பாடு என்றால் அவருக்கும் நாலு வாய் கூடுதலாக இறங்கும். மருந்துச்சீட்டில் நான் எழுத முடியாத மருந்து அது.

கடைசியாகக் குழந்தை. முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகும் பிள்ளை, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்காததால் பிள்ளைக்கும் பிடிக்கவில்லை என்று அதற்குக் காரணம் கற்பிக்காதீர்கள். எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. புதுக் காயைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். உங்களுக்குப் பிடிக்காத காயை அவர்கள் எதிரில் முகம் சுளிக்காமல் பரிமாறுங்கள், நீங்கள் சாப்பிட வேண்டியதில்லை. உங்கள் தயிர்சாதத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். செல்போன் வேண்டாம், கிண்ணத்தோடு துரத்தவும் வேண்டாம். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். நடுவில் பிஸ்கட் கொடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். அழும் பிள்ளையைப் பார்த்து மனம் இளகிப் பாட்டி பொட்டலத்தைப் பிரித்துவிடாமல், அவரிடமும் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.