ரயிலுக்கு எழாதவர் தாழ்ப்பாளுக்கு எழுகிறார்

காட்பாடியில் என் பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. இரவெல்லாம் வண்டிகள் ஊதிக்கொண்டு போகும். அவருக்கு இமைகூட அசையாது. ஆனால் இரண்டு மணிக்கு வாசல் தாழ்ப்பாள் 'கிணுக்' என்றால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே பெரியப்பா டிபன் கேரியரோடு நிற்பார். ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கணக்கில் இன்னும் ராத்திரி டூட்டி. அல்சைமர் நோய்.

கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே கடுகளவில் ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள். உடலின் கடிகாரம் இதுதான். விழித்திரை அனுப்பும் ஒளிச் செய்தியைக் கொண்டு பகலையும் இரவையும் பிரிக்கும். இருட்டியதும், உறக்க நேரத்தை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்க வழிவிடும். அல்சைமரில் இந்த அணுக்களும் குறைகின்றன, மெலடோனினும் குறைகிறது. பகலில் நாற்காலியிலேயே தூக்கம், பொழுது சாய்ந்தால் பதற்றம், நடுநிசியில் நடமாட்டம். "வேண்டுமென்றே படுத்துகிறார்" என்று சொல்லும் உறவினர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

சரி, பெரியம்மா ஏன் எழுகிறார்? தூக்கத்தில் காது மூடிக்கொள்வதில்லை. ஒலி மூளைக்குள் போய்க்கொண்டேதான் இருக்கிறது. நடுவில் தலாமஸ் என்ற பகுதி வாயிற்காவலராக நின்று, பெரும்பாலானவற்றைத் தடுத்து, தூக்கத்தைக் காக்கிறது. ஆனால் அது சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. உறங்கும் மூளை பொருளையும் எடைபோடுகிறது. சொந்தப் பெயரும் குழந்தையின் அழுகையும் உள்ளே நுழைந்துவிடுவது அதனால்தான். ரயில் ஊதல் ஆபத்தில்லை என்று பல ஆண்டுகளாகப் பழகிப்போனது. தாழ்ப்பாள் அப்படியல்ல; ஒருமுறை பெரியப்பா தண்டவாளம் வரை போய்விட்டார்.

எழுந்தவுடன் நெஞ்சு படபடக்கிறது. மறுபடி தூக்கம் பிடிக்க நேரமாகிறது. பகலில் சோர்வு. மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது டம்ளர் காபி. அதிலுள்ள காஃபீனில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்துக்கு நல்லது என்பதால் பெரியப்பாவை ஏழு மணிக்கே திண்ணையில் உட்காரவைக்கிறார்கள். வேலூர் வெயிலில் அதற்குப் பிறகு உட்கார முடியாது. பகல் தூக்கத்தையும் குறைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பலன் தெரிகிறது.

போன மாதம் குடியாத்தத்தில் மகள் வீட்டில் பெரியப்பா பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளும் பெரியம்மா இரண்டு மணிக்கு எழுந்து, தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.