சுனாமியைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதாதீர்கள்

புவியியல் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வருடத்துக்கு வருடம் தவறாமல் கண்ணில் படுகிற வரி ஒன்று உண்டு: "புவி வெப்பமடைவதால் நிலநடுக்கம், சுனாமி, புயல், வெள்ளம் ஆகியவை அதிகரிக்கின்றன." பாதி சரி, பாதி தவறு. மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கரும்பலகையில் 'இயற்கைச் சீற்றங்கள்' என்று தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் போட்டவன்தான். ஒரே பட்டியலில் இருந்தால் காரணமும் ஒன்று என்றுதானே தோன்றும்?

இப்போது பட்டியலை விட்டுவிட்டேன். ஒவ்வொரு இடரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? நிலநடுக்கத்துக்கும் எரிமலைக்கும் பூமியின் உள்ளேயிருந்து வருகிறது. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் கிளம்புவது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடல்தரை திடீரென்று மேலெழும்பியது. காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. புயல், கனமழை, வறட்சி, வெப்ப அலை ஆகியவற்றுக்குச் சக்தி சூரிய வெப்பத்திலிருந்து, காற்று, கடல் வழியாக வருகிறது. நாம் கைவைத்திருப்பது இங்கேதான். வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு, தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது; இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதனால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். மழை கொட்டும்போது அதுவும் சேர்ந்துதான் கொட்டும்.

ஆனால் 'புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். உலக அளவில் தெரிவது வேறு: வருகிற புயல்களில் கடும்புயல்களின் பங்கு கூடியிருக்கிறது.

"அப்போ நிலச்சரிவு எந்தப் பக்கம் சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. 2015இல் நேபாளத்தில் நிலநடுக்கமே ஆயிரக்கணக்கான சரிவுகளைக் கிளப்பியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் மழை. இரண்டு பக்கமும் எழுதலாம், எந்தச் சரிவைச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிட்டால்.

கடல்மட்டத்துக்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர். ஒன்றில் ஐஸ் கட்டிகளை மிதக்கவிடுகிறேன். மற்றதில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன் உச்சியில் ஐஸ். இரண்டிலும் நீர்மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். மணியடிக்கும்போது மிதந்த ஐஸ் காணாமல் போயிருக்கும். கோடு அப்படியே இருக்கும். நான் கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கே வருவார்கள். கல்மேல் இருந்த ஐஸ் கரைந்த டம்ளரில் தண்ணீர் கோட்டுக்கு மேலே நிற்கும். கடலில் மிதக்கும் பனி உருகுவது வேறு, கிரீன்லாந்து போல நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகுவது வேறு என்பதை அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை. இந்தச் சோதனை காட்டாத ஒன்றும் உண்டு: சூடானால் தண்ணீரே விரியும். 1971 முதல் 2018 வரை கடல்மட்டம் உயர்ந்ததில் ஏறக்குறைய பாதி இந்த விரிவால் வந்தது.

1901 முதல் 2018 வரை மொத்த உயர்வு சுமார் 20 செ.மீ. "ஒரு ஸ்கேல் நீளம்கூட இல்லையே" என்பார்கள். சரிதான். ஆனால் புயல் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர் அந்த 20 செ.மீ.க்கு மேலே ஏறித்தான் வரும்.

இடர் வேறு, பேரிடர் வேறு. இயற்கையில் நிகழ்வது இடர்; அது மக்களைத் தாக்கிப் பெரிய அழிவை உண்டாக்கினால்தான் பேரிடர். ஹைட்டியில் 2010 ஜனவரியில் 7.0 அளவு நிலநடுக்கம். இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த மாதமே சிலியில் 8.8, அதாவது ஏறக்குறைய 500 மடங்கு சக்தி. அங்கே இறந்தவர்கள் சில நூறு பேர். ஹைட்டியில் அதிர்வு தலைநகருக்கு மிக அருகில் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் கட்டடங்கள். 1970இல் வங்கக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 2020இல் ஆம்பன் புயலில் இந்தியா, வங்கதேசம் இரண்டிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர். இந்த ஐம்பது வருடத்தில் கடல் சூடாகிக்கொண்டுதான் இருந்தது. உயிர்களைக் காப்பாற்றியது முன்னெச்சரிக்கையும், புயல் காப்பகங்களும், நேரத்தோடு ஆட்களை வெளியேற்றியதும். எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டால் இந்த வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பேரிடர் ஆல்பம் செய்யச் சொன்னால் வெள்ளம், புயல் படங்கள் குவியும். வெப்ப அலையை யாரும் ஒட்டிக்கொண்டு வந்ததில்லை. "வெயிலை எப்படி சார் ஒட்டுறது?" என்றான் ஒருவன். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் இறந்தவர்கள் 70,000க்கும் மேல். இடிபாடு இல்லை, படமும் இல்லை. காலநிலை மாற்றத்தோடு மிக நேரடியாகத் தொடர்புள்ள இடர் இதுதான் என்பதால் இதற்கு நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. ராத்திரியிலும் சூடு இறங்காவிட்டால் உடம்புக்கு ஓய்வே கிடைக்காது.

வெயிலில் மைதானத்தில் உங்களோடு ஓடிய நண்பன் உளறத் தொடங்கினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால், வியர்க்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டும். மற்றவர்கள் அவனை நிழலுக்குத் தூக்கி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.