முட்டிச் சில்லுக்குக் கீழே வலி: அறுவை சிகிச்சை யாருக்கு?

தர்மபுரியில் எலும்பு மருத்துவராக இருக்கும் எனக்குப் பொங்கல் முடிந்த சில வாரங்களுக்குக் கபடி, வாலிபால் ஆடும் இளைஞர்களின் முழங்கால்கள்தான் அதிகம் கண்ணில் படும். பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்து ஊர்களில் கட்டாந்தரையில் விடிய விடிய ஆடிவிட்டு, அதே காலோடு காவலர் தேர்வின் நீளம் தாண்டுதலுக்கும் 1,500 மீட்டர் ஓட்டத்துக்கும் பயிற்சி எடுப்பவர்கள் இவர்கள். "ஜவ்வு போயிடுச்சு சார்" என்றே பெரும்பாலோர் தொடங்குவார்கள். காலை நீட்டி, தொடையைத் தளர்த்தச் சொல்லி, முட்டிச் சில்லின் கீழ் விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தினால் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்வார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள அந்த இடத்தில்தான் வலி.

அங்கே இருப்பது, சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண். குதிக்கும்போதும், அதைவிட அதிகமாகக் குதித்துத் தரையிறங்கும்போதும், தொடைத் தசையின் இழுவிசை அதன் வழியாகத்தான் செல்கிறது. நார்வே நாட்டின் முன்னணி வீரர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், வாலிபால் ஆடுபவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு இந்த நாண் நலிந்து வலிக்கும் கோளாறு இருந்தது.

நாள்பட்ட வலியுள்ள தசைநாணை அறுவை அரங்கில் பிளந்து பார்த்தால் நல்ல பகுதி வெள்ளையாகப் பளபளத்து, முறுக்கிய கயிறுபோல் நார் நாராக இருக்கும். கெட்டுப்போன பகுதி பழுப்பேறி, ஊறவைத்த ஜவ்வரிசிபோலக் குழைந்து கிடக்கும். அழற்சியின் அடையாளம் அங்கே மிகக் குறைவு என்பதால்தான் வீக்கத்துக்கான மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியும் பலருக்குக் குணம் கிடைப்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். ஆனால் நாணை நலிவாக்கி, அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டும். என்னிடம் வந்த ஒரு வாலிபால் வீரர் வேறோர் இடத்தில் ஆறு மாதத்தில் மூன்று முறை இந்த ஊசி போட்டுக்கொண்டு, வலி தெரியாத நாட்களிலெல்லாம் ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருந்தார்.

அவர் எடுத்தவுடன் அறுவை சிகிச்சை கேட்டார். நான் பலகை செய்யச் சொன்னேன். 40 சென்டிமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 17 சென்டிமீட்டர் உயர்த்தினால் சுமார் 25 டிகிரிச் சரிவு கிடைக்கும். எந்தத் தச்சரும் செய்து தருவார். குதிகால் மேட்டிலும் விரல்கள் பள்ளத்திலும் இருக்க, வலிக்கும் காலில் மட்டும் நின்று மெதுவாக முட்டியை மடக்கி இறங்கி, மற்றக் காலின் உதவியோடு எழ வேண்டும். ஒரு வேளைக்கு 15 வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் குறைக்க வேண்டும். 2006இல் வெளியான மற்றொரு நார்வே ஆய்வில் 20 முழங்கால்களுக்கு அறுவையும் 20 முழங்கால்களுக்கு இந்தப் பயிற்சியும் தரப்பட்டன. ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சித் தரப்பில் 5 முழங்கால்களுக்குப் பலன் கிடைக்காமல் பின்னர் அறுவை செய்ய நேர்ந்தது.

என் வீரரும் அந்த வகையில் சேர்ந்தார். ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் படி இறங்கும்போது வலி நிற்கவில்லை. ஸ்கேனை மட்டும் பார்த்து நான் கத்தி எடுப்பதில்லை. வலியே இல்லாத வீரர்களின் ஸ்கேனிலும் நாண் கெட்டுப்போனதாகத் தெரிவது உண்டு. இவருக்கோ விரலால் அழுத்தி வலித்த இடமும் எம்.ஆர்.ஐ. காட்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன. நார் ஓடும் திசையிலேயே நாணைப் பிளந்து, குழைந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன். சிறு துளைகள் வழியே ஆர்த்ராஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, நாணின் பின்பக்கத்தில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்ப் பகுதியைச் சீவி எடுக்கும் முறையும் உண்டு. அதில் ஆட்டத்துக்குத் திரும்பும் காலம் பொதுவாகக் குறைவு.

நாண் முழுதாக அறுந்துவிட்டால் மட்டும் இந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. குதித்து இறங்கும்போது 'டப்' என்ற சத்தம் கேட்டு, சில்லு மேலேறி, படுத்த நிலையில் காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாணைத் தைத்துச் சேர்ப்பது முதல் இரண்டு வாரங்களுக்குள் எளிது. கட்டுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கழித்து வருபவர்களுக்குத் தொடையின் பின்புறத்திலிருந்து வேறு நாணை எடுத்துப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும்; அதன் பிறகும் பழைய பலம் திரும்புவது உறுதியில்லை.

அறுவைக்குப் பிறகு எட்டாவது வாரம் வந்தவரிடம் பலகையைத் திரும்ப எடுக்கச் சொன்னபோது, "மறுபடியும் இதேவா சார்?" என்று முகம் சுளித்தார். ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தைத் தொட ஒன்பது மாதம் ஆனது. அந்த ஆண்டுக் காவலர் தேர்வை விட்டுவிட்டார். இப்போது ஊர் அணியில் ஸ்மாஷ் அடிக்கும் இடத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஸ்மாஷுக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் செட்டராக ஆடுகிறார்.